தனியாகச் செய்தது

அந்த நோயாளிக்கு வயது முப்பத்து நாலு. எல்லாரையும் போல அவளுக்கும் ஒரே ஒரு குடல்வால்தான். அதை நாலு பேர் தனித்தனியாக வெட்டி எடுத்திருந்தார்கள்.

லாக்புக் அப்படித்தான் சொன்னது. பயிற்சியில் இருக்கிற நாலு டாக்டர்கள், நாலு லாக்புக். நாலிலும் அதே புதன்கிழமை, அதே நோயாளி எண். பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்று நாலு கட்டங்கள் இருந்தன. நாலு பேரும் கடைசிக் கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்தில் பயிற்சித் தலைவரின் கையெழுத்து.

பயிற்சித் தலைவர் டாக்டரம்மாதான். கையெழுத்தும் அவளுடையதுதான். கடைசி எழுத்தின் வால் மேலே ஏறிக் கோட்டைத் தாண்டுகிற வழக்கம் நாலிலும் இருந்தது.

அந்தப் புதன்கிழமை அவளுக்கு நினைவிருந்தது. குடல்வாலை எடுத்தது அவள். இருபத்தெட்டு நிமிஷம். நாலு பேரில் ஒருவன் வயிற்றை விரித்துப் பிடிக்கும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றான். ஒருத்தி ரத்த வங்கிக்குப் போயிருந்தாள். ஒருவன் வார்டில் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதிக்கொண்டிருந்தான். நாலாமவன் அக்கா கல்யாணத்துக்கு லீவு.

ஆபரேஷன் தியேட்டர் ரிஜிஸ்டரை வரவழைத்தாள். போன வருஷம் மொத்தம் இருநூற்றுப் பத்து குடல்வால். நாலு லாக்புக்கிலும் சேர்த்து 'தனியாகச் செய்தது' முந்நூற்றைத் தாண்டியது.

"என்ன மேடம், படிக்கிறீங்களா?" என்றார் கிளார்க். வியாழக்கிழமை மருத்துவக் கவுன்சிலிலிருந்து இன்ஸ்பெக்ஷன். அதற்காகப் புத்தகங்களை அட்டை போட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் அவருடைய எச்சில் காய்ந்து ஒரு வட்டம்.

"இதெல்லாம் உண்மை இல்லையே."

"இது படிக்கறதுக்கு இல்ல மேடம். கையெழுத்து போடறதுக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்கதான் போட்டிருக்கீங்க" என்றார், குற்றம் சொல்லாமல், ஞாபகப்படுத்துகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸ் முடிந்ததும் புத்தகங்கள் வரும். வராந்தாவில் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போடுவாள். சில நாள் யாராவது குனிந்து முதுகைக் காட்டுவார்கள், முதுகில் வைத்துப் போடுவாள். எட்டு மாதமாக அப்படித்தான். இந்தப் பதவியை வேறு யாரும் கேட்கவில்லை என்பதால் அவளிடம் வந்தது. வந்ததை வாங்கிக்கொண்டாள்.

புத்தகங்களை எடுத்துக்கொண்டு சூப்பிரண்டெண்ட் அறைக்குப் போனாள்.

அவர் டீயில் பிஸ்கெட்டை நனைத்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே நனைத்ததில் பிஸ்கெட் பாதியில் அறுந்து டீக்குள் விழுந்தது. பேனா மூடியால் அதைத் தோண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நாலு பேரும் சேர்ந்து எடுத்தாங்கன்னு வெச்சுக்கோங்கம்மா. டீம் ஒர்க்."

"ஒருத்தன் அன்னைக்கு லீவு சார்."

"மனசு இங்கதான் இருந்திருக்கும். நல்ல பையன்."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மீசையில் பிஸ்கெட் கூழ் ஒட்டியிருந்தது.

"பாருங்கம்மா. கணக்குல குறைஞ்சா கவுன்சில் சீட்டை எடுத்துடும். சீட்டு போனா பி.ஜி. கிடையாது. பி.ஜி. இல்லாட்டி வார்டை யார் ஓட்டறது? நீங்களா, நானா? எனக்கு முட்டி வலி."

"இவங்களுக்கு ஆபரேஷன் தெரியாது சார்."

"நமக்கு மட்டும் வரும்போது தெரிஞ்சுதா?" இரண்டு காகிதங்களை அவள் பக்கம் தள்ளினார். "மாப்பிள்ளைக்கு ஆர்டர் வந்தாச்சு. ஒண்ணாம் தேதி ஜாயின் பண்ணணும். அங்க நாலு வருஷமா சர்ஜனே இல்ல. சனங்க பாவம். உங்க சர்டிஃபிகேட் ஒண்ணுதான் பாக்கி. வியாழக்கிழமைக்குள்ள போட்டுட்டா இன்ஸ்பெக்டர்கிட்டயும் காட்டலாம், நம்ம தயாரிப்புன்னு."

மாப்பிள்ளை என்பது நாலு பேரில் மூத்தவன். அந்தப் புதன்கிழமை கொக்கி பிடித்தவன். முப்பது மணி நேர டியூட்டிக்குப் பிறகும் சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையாது என்பதால் அந்தப் பெயர். சர்டிஃபிகேட் ஒரு வரிதான். 'மேற்கண்டவர் மேற்பார்வையின்றித் தனியாக அறுவை செய்யத் தகுதியுள்ளவர்.' கீழே புள்ளிக்கோடு.

ஆர்டரில் இருந்த ஊர் அவளுக்குத் தெரியும். ஒரு தியேட்டர், ஒரு டாக்டர். கை மீறிப் போனால் கூப்பிட அடுத்த ஆள் மூன்று மணி நேரத் தூரத்தில். அங்கே ஒருவனை அனுப்பினால், அவன் கத்திக்குக் கீழே படுக்கிற ஒவ்வொருவரும் இந்தப் புள்ளிக்கோட்டின்மேல் படுக்கிறார்கள்.

"நாளைக்கு அவன் பண்றதைப் பார்த்துட்டுப் போடறேன்" என்றாள்.

"பாருங்க, பாருங்க. புக்கை இங்க வெச்சுட்டுப் போங்க, பத்திரமா இருக்கும்." பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் லிஸ்டில் ஆறு பேர். மயக்க மருந்து டாக்டர் இரண்டு மணிக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். அதற்குள் ஆறையும் முடிப்பதுதான் அந்தத் தியேட்டரின் ஒரே சட்டம். முதல் கேஸ் ஒரு குடல்வால். இருபத்திரண்டு வயது, லாரியில் மூட்டை ஏற்றுகிறவன், ஒல்லியான வயிறு. இதைவிட எளிதாக ஒரு வயிறு கிடைக்காது.

டாக்டரம்மா உதவியாளர் பக்கம் போய் நின்றாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தான். தெரியாமல் இடம் மாறி நிற்கிறாள் என்று நினைத்து, சுற்றி வந்து அவனும் உதவியாளர் பக்கமே நின்றான்.

"நீ அங்க. இன்னைக்கு நீ பண்ற."

தியேட்டர் சிஸ்டர் மாஸ்குக்கு மேலே புருவத்தை உயர்த்தினாள். இருபது வருஷ சர்வீஸ். புருவத்தாலேயே பேசுவாள்.

தோலை நன்றாகத்தான் வெட்டினான். ஒரே கோடு, நடுக்கமில்லை. கொழுப்பைப் பிரித்தான். கசிந்த இரண்டு இடத்தில் சூடு வைத்தான். அதற்குப் பிறகு நின்றான்.

"அடுத்து என்ன?" என்றாள்.

சொன்னான். எந்தத் தசை, எந்தத் திசையில் ஓடும், எங்கே பிரிக்க வேண்டும், அதன் கீழே என்ன, வயிற்றுச் சவ்வை எப்படி இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்துத் திறப்பது, எல்லாம். பாடப் புத்தகத்திலிருந்து ஒரு கமாகூடத் தவறவில்லை. சொல்லி முடித்ததும் கை நீட்டினான். சிஸ்டர் கத்தரியைக் கொடுத்தாள். அதை வாங்கித் துணிமேல் வைத்துவிட்டுக் கொக்கியை எடுத்தான். காயத்தின் ஓரத்தில் மாட்டித் தன் பக்கம் இழுத்துப் பிடித்தான். மூன்று வருஷமாகப் பிடிக்கிற மாதிரி, மணிக்கட்டை வளைக்காமல், அசையாமல், அழகாக.

எதிர்ப்பக்கக் கொக்கி டாக்டரம்மா கையில் இருந்தது. வயிறு பாதி திறந்து கிடந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கடிகாரம் ஓடியது. மயக்க மருந்து டாக்டர் திரைக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு பேருமே பிடிச்சுட்டு நின்னா எப்படி" என்றாள் சிஸ்டர். "ஆபரேஷனை நான் பண்ணணுமா?"

"நகரு" என்றாள் டாக்டரம்மா.

அவன் உடனே நகர்ந்தான். சொல்லி முடிப்பதற்குள் நகர்ந்திருந்தான். இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்தாள். மீதி ஐந்தையும் அவளே முடித்தாள். இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் மிச்சம் இருந்தது.

கை கழுவுகிற இடத்தில் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். தொட்டிக்குப் பின்னால் சுவரில் பச்சைப் பூஞ்சை முழங்கை உயரத்துக்கு ஏறியிருந்தது. வடிகாலில் யாருடையதோ முடி சோப்பு நுரையோடு சுற்றிக்கொண்டிருந்தது.

"மூணு வருஷத்துல தனியா எத்தனை பண்ணியிருக்க? புக்ல இருக்கறதை விடு."

"தோலு நிறைய மேடம். தையல் எக்கச்சக்கம்."

"உள்ள?"

குழாயைத் திறந்தான். மூடினான். "ஒண்ணும் இல்ல மேடம்."

"போன வருஷம் குடல்வால் மட்டும் எழுபத்து ரெண்டுன்னு எழுதியிருக்க."

"சீனியர் எழுதச் சொன்னார். அவருக்கு அவர் சீனியர் சொன்னாராம். நீங்க கையெழுத்து போட்டீங்க. சரி, இது இப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

"ஏன் என்கிட்ட கேக்கல? கத்தியைக் குடுங்கன்னு ஒரு தடவையாவது?"

"கேட்டிருக்கேன் மேடம். முதல் வருஷம். லிஸ்ட் முடியட்டும்னீங்க." அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "லிஸ்ட் முடிஞ்சதும் நீங்க போயிடுவீங்க. எனக்கு வார்டு இருக்கும். ரத்தம் வாங்கணும், ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போகணும், சீட்டு எழுதணும். அதெல்லாம் எனக்கு நல்லா வரும் மேடம்."

நல்லாத்தான் வரும். எந்த லேபில் யாரைக் கூப்பிட்டால் போன் எடுப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். நோயாளிகள் அவனைத்தான் டாக்டர் என்பார்கள். அவளை யாரோ பெரிய அம்மா என்பார்கள்.

"உங்க புக்லயும் இப்படித்தானே மேடம் இருந்திருக்கும்?" என்றான். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவள் புத்தகத்தில் தொண்ணூறு. கையை வைத்தது மூன்றோ நாலோ. மீதியை முதல் போஸ்டிங்கில் கற்றுக்கொண்டாள். மூன்றாவது வாரம் ஒரு தையல்காரர். நாற்பத்தைந்து வயது, குடலிறக்கம், நடந்து வந்தவர், உயிரோடு திரும்பவில்லை. எந்தக் குழாயை எதென்று நினைத்துக் கட்டினாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். கேஸ் ஷீட்டில் 'எதிர்பாராத சிக்கல்' என்று எழுதினாள். அவர் மனைவி அவளைக் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க உங்களால முடிஞ்சதைப் பண்ணீங்க" என்றாள். அந்தக் கும்பிடை அவள் வாங்கிக்கொண்டாள். இருபத்தோரு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. புருஷனிடம்கூட.

வீட்டில் அன்று சாயங்காலம் புருஷன் தட்டு வைத்துக்கொண்டு கேட்டார், "என்ன, சாப்பாட்டைப் பார்த்துட்டே உக்கார்ந்திருக்க? யாராவது செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

லாக்புக் கதையைச் சொன்னாள். தையல்காரரை விட்டுவிட்டுச் சொன்னாள். அவர் கணக்கு வாத்தியார். ஒரு குடல்வால், நாலு பேர் என்றதும் சிரித்துவிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"போட்ட கையெழுத்தை என்ன பண்ணுவ? ரப்பர் வெச்சு அழிப்பியா?"

"இன்னும் ஒண்ணு போடல."

"அதைப் போடாம இருந்தா போதுமா?"

"தெரியலைங்க."

"கை கழுவிட்டு வந்து சாப்பிடு."

"கழுவிட்டேன்" என்றாள். திரும்பவும் எழுந்து போய்க் கழுவினாள்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். மையடித்த தலை. காதோரம் தோலிலும் மை இறங்கியிருந்தது. அவரும் இன்னொரு அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சித் தலைவர்தான். லாக்புக்கைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தார். மொத்த எண்ணிக்கை அங்கேதான் இருக்கும். நாலு புத்தகத்துக்கும் சேர்த்து ஆறு நிமிஷம்.

பிறகு நாலு பேரையும் வரிசையாக நிற்க வைத்து, சூப்பிரண்டெண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார், "பயிற்சியில ஏதாவது குறை? தயங்காமச் சொல்லுங்க. வெளிய போகாது."

நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் அக்கா கல்யாணக்காரன், "கேன்டீன் டீ ரொம்பத் தண்ணி சார்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டார்.

அவர் கார் ஏறும் முன் டாக்டரம்மா கூடவே நடந்தாள். "சார், அந்த நம்பர் பொய். நான் படிக்காமக் கையெழுத்து போட்டிருக்கேன். முதல் புக்குக்காரனுக்கு ஒரு குடல்வால் தனியா எடுக்க வராது. நானே நின்னு பார்த்தேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "எல்லா இடத்துலயும் இதே நம்பர்தான் மேடம். உங்களது கொஞ்சம் கையெழுத்து அழகா இருந்துச்சு."

"எழுதிக்கோங்க சார். நான் சொன்னேன்னே எழுதுங்க."

"எழுதினா உங்க சீட்டு போகும். அடுத்த மாசம் நீங்க எங்க ஆஸ்பத்திரிக்கு இன்ஸ்பெக்ஷன் வரீங்க, ஆர்டர் பார்த்தீங்கல்ல? நீங்க எங்களை எழுதுவீங்க. அப்புறம் யாரு யாருக்குச் சொல்லிக்குடுக்கறது?" அவள் தோளைத் தட்டினார். கை ஈரமாக இருந்தது. "நல்லவங்களா இருக்கீங்க. நான் இதைக் காதுலயே வாங்கல."

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. பயிற்சித் தரம் மிகச் சிறப்பு. சரிசெய்ய வேண்டியது: கேன்டீன் தேநீர்.

டாக்டரம்மா சர்டிஃபிகேட்டை எடுத்தாள். 'தகுதியுள்ளவர்' என்பதை அடித்தாள். மேலே 'தகுதி இல்லை. ஆறு மாதம் பயிற்சி நீட்டிப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

சூப்பிரண்டெண்ட் கத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு தரம் படித்தார். முகம் மலர்ந்தது.

"ஆறு மாசமா? நல்லதாப் போச்சும்மா. ஐ.சி.யூ.வுக்கு ஆள் இல்லாம முழி பிதுங்கிட்டிருந்தேன். தங்கமான பையன், சொன்ன வேலையைச் செய்வான். அந்த ஊருக்கு வேற யாரையாவது பார்த்துக்கட்டும்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஐ.சி.யூ.வுக்கு அனுப்ப மாட்டேன் சார். தியேட்டர்ல என்கூட. தினமும். அவன் பண்ணுவான், நான் நிப்பேன். லிஸ்ட் இனிமே மூணுதான்."

"மூணா? மிச்ச மூணு?"

"காத்திருக்கணும்."

"அதை அவங்க வீட்டு ஆளுங்ககிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"எழுதிக் குடுங்க" என்றார். "யாராவது காத்திருந்து செத்தா உங்க பேர் வேணும்."

எழுதிக் கொடுத்தாள்.

மாப்பிள்ளை வராந்தாவில் நின்றான். செய்தி அவளுக்கு முன்னால் அவனிடம் போயிருந்தது. "என் வீட்டுக்காரி சாமான் எல்லாம் கட்டி வெச்சுட்டா மேடம். வீடு காலி பண்றதாச் சொல்லியாச்சு." சட்டை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டான். "மத்த மூணு பேருக்கும் கேள்வி கேக்காமப் போடுவீங்க. எனக்கு முன்னாடி எத்தனை பேருக்கு இந்த ஆஸ்பத்திரியில போட்டிருக்காங்க. என்னை மட்டும் ஏன்?"

"மத்தவங்களைப் பார்க்கல. உன்னைப் பார்த்துட்டேன்."

"இது நியாயமா மேடம்?"

"இல்ல" என்றாள். "திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்துடு. மத்த மூணு பேரையும் வரிசையா நிக்க வைக்கப் போறேன். பார்க்காம ஒருத்தருக்கும் போட மாட்டேன்."

அவன் குட் ஈவினிங் சொல்லாமல் போனான். மூன்று வருஷத்தில் அது முதல் தடவை.

திங்கட்கிழமை முதல் கேஸ் குடலிறக்கம். அவள் செய்தால் நாற்பது நிமிஷம். அவன் செய்து முடிக்க இரண்டு மணி நேரம் ஐந்து நிமிஷம் ஆனது. இரண்டு இடத்தில் தவறான அடுக்குக்குள் போய்த் திரும்பினான். ஒரு இடத்தில் ரத்தம் வந்தது. அவன் அவளைப் பார்த்தான். அவள் அந்தக் குழாயை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நீயே கட்டு" என்றாள். கட்டினான். அவிழ்ந்தது. திரும்பக் கட்டினான். சிஸ்டர் கேட்காமலே அடுத்த நூலை நீட்டினாள். மயக்க மருந்து டாக்டர் மட்டும் மணியைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டபடி இருந்தார். டாக்டரம்மாவின் தோள் இரண்டும் வலித்தன. ஒன்றும் செய்யாமல் நிற்பதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அவன் கையிலிருந்து கத்தியைப் பிடுங்காமல் இருந்த ஒவ்வொரு நிமிஷமும், படுத்திருக்கிறவனுக்கு ஒரு நிமிஷம் கூடுதல் மயக்கம்.

இரண்டாவது முடிந்தபோது மணி ஒன்றே முக்கால். மூன்றாவதை எடுக்க முடியாது. அவள் தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள்.

மூன்றாவது நோயாளி தள்ளுவண்டியில் காத்திருந்தார். எழுபது இருக்கும். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் அவர் மகள், ஏதோ கடையின் சீருடையில், பேட்ஜ்கூடக் கழற்றாமல்.

"இன்னைக்கு அப்பாவுக்குப் பண்ண முடியாதும்மா" என்றாள் டாக்டரம்மா.

"ராத்திரியிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கல. லிஸ்ட்ல மூணாவதுன்னு சொன்னீங்க."

"முன்னாடி ரெண்டு கேஸ் நேரமாயிடுச்சு."

"ஏன்?"

அவசர கேஸ் வந்துவிட்டது என்று சொல்லலாம். மெஷின் ரிப்பேர் என்று சொல்லலாம். இருபது வருஷமாகச் சொன்னதுதான். யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

"ஒரு டாக்டருக்குச் சொல்லிக்குடுத்துட்டிருந்தேன். அவருக்கு இதுதான் முதல் தடவை. அதான் நேரமாச்சு."

அந்தப் பெண் தியேட்டர் கதவைப் பார்த்தாள். "முதல் தடவையா? உள்ள ஆள் மேலயா?"

"ஆமா. நான் பக்கத்துலயே நின்னேன்."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"காலையில சொன்னேன். சரின்னாங்க."

"வேற வழி இருந்திருக்காது, சரின்னிருப்பாங்க." தட்டில் கிடந்த அழுக்குப் பஞ்சைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தாள். "எப்ப வரணும்?"

"புதன்கிழமை. முதல் கேஸாப் போடறேன்."

"யார் பண்ணுவாங்க? நீங்களா, அவரா?"

தியேட்டர் கதவு திறந்து மாப்பிள்ளை வந்தான். மூக்கின்மேல் மாஸ்கின் தடம். கதவருகே நின்றான்.

"அவர் பண்ணுவார்" என்றாள் டாக்டரம்மா. "நான் நிப்பேன்."

"அப்ப எங்களுக்கு வேணாம்" என்றாள் அந்தப் பெண். குனிந்து வண்டியின் பிரேக்கைக் காலால் எடுத்துவிட்டாள். பழக்கமில்லாததால் வண்டி சுவரில் ஒரு முட்டு முட்டிப் பிறகு நேரானது. கிழவர் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி குடுடி" என்றார். "வாங்கப்பா, வெளிய போய்க் குடிக்கலாம்" என்று தள்ளிக்கொண்டு லிஃப்ட் பக்கம் போனாள்.

மாப்பிள்ளை ஓடிப்போய் நிறுத்தப் பார்த்தான். டாக்டரம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். படுத்திருப்பது தன் அப்பாவாக இருந்தால் தானும் அதைத்தான் சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.